தொட்டில் கட்டுமுன் செய்ய வேண்டுவன

பாவு ஓடாமல் தறி ஓடாது; உழவு இல்லாமல் விதைப்பு இல்லை. இதை நம் அங்கத்தினர்களுக்கு எவரும் போதிக்க வேண்டியதில்லை. ஆயினும் இல்லத்திற்கு ஒரு குழந்தை வரப்போகிறது என்றால் மட்டும் முன்னேற்பாட்டைக் கடைசி மாதத்திற்குத் தள்ளி வைத்துவிடுகிறோம்.

திண்டிவனத்தை அடுத்த சிற்றூர் ஒன்றிற்குத் தணிக்கைக்குச் சென்றபோது, ஓர் அங்கத்தினர் இல்லத்தில் புதுத் தூளி தொங்கக் கண்டு மகிழ்ந்தோம். அதன் கீழே, மணிலாப் பயிருக்குத் தெளித்து மீந்த பூச்சிமருந்து ஒரு பானப் புட்டியில் இருந்தது. நாம் சொன்னவுடன் அகற்றினார்கள். சொல்ல ஆளில்லாத வீடுகள் எத்தனையோ!

முதலாவது, இடம். பூச்சிமருந்தும், சாயமும், காஸ்டிக் சோடாவும் வீட்டிற்கு வெளியே பூட்டிய பெட்டியில் இருத்தல் வேண்டும். தூளியைப் பஞ்சுத்தூசி பறக்கும் தறிக்கும், புகையும் அடுப்புக்கும் அப்பால் கட்டுக. குழித்தறி உள்ள சிறுவந்தாடு போன்ற ஊர்களில், குழந்தை தவழத் தொடங்குமுன் குழிக்குப் பலகை மூடி செய்து வைத்தல் நன்று.

இரண்டாவது, பணம். கருவுற்றதை 12 வாரத்திற்குள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்க. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் வழங்கும் மகப்பேறு உதவி, தகுதியுள்ள ஏழைக் குடும்பங்களுக்கு இரு பிரசவங்கள் வரை கிடைக்கிறது. 2018இல் அது, ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து, 18,000 ரூபாய் மதிப்பாக உயர்த்தப்பட்டது. அத்துடன் வாரம் 100 ரூபாய் சேமித்தால் 30 வாரத்தில் 3,000 ரூபாய் கையில் இருக்கும். நடு இரவில் தாலிச் சரட்டை அடகு வைக்க ஓட வேண்டியிராது.

மூன்றாவது, வழி. 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபோது, மயிலத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது, விழுப்புரம் மாவட்டத்தில் பல சாலைகள் நீரில் மூழ்கின. அத்தகைய இரவில் 108 வண்டியும் தாமதிக்கலாம். ஆகவே ஐப்பசி, கார்த்திகையில் பிரசவம் எதிர்பார்ப்போர், புயல் எச்சரிக்கை வந்தவுடனேயே திண்டிவனம் அரசு மருத்துவமனைக்கோ, முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள உறவினர் இல்லத்திற்குச் சென்றுவிடுவது உத்தமம். மருத்துவ அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம், துவைத்து வெயிலில் உலர்த்திய பழைய பருத்தித் துணிகள் ஆகியவற்றை நனையாத ஒரே பையில் எட்டாம் மாதமே கட்டி வைக்க.

நான்காவது, முதல் நாட்கள். பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால். ஆறு மாதம் வரை அதுவே போதும். சேனை, சர்க்கரைத் தண்ணீர், தேன் எதுவும் வேண்டாம். தொப்புளில் சாம்பலோ மஞ்சளோ வைக்கலாகாது. குழந்தையைத் தொடுமுன் சோப்பினால் கை கழுவுக. காசநோய்த் தடுப்பூசி, போலியோ சொட்டு மருந்து, மஞ்சள் காமாலைத் தடுப்பூசி ஆகியவற்றை மருத்துவமனையிலேயே போட்டுக்கொள்க. 21 நாளுக்குள் பிறப்பைப் பதிவு செய்க.

இவற்றுள் பெரும்பாலானவற்றிற்குப் பணம் தேவையில்லை, கவனமே தேவை. இப்பணி பெண்களுக்கு மட்டும் உரியது என்று ஆண் அங்கத்தினர்கள் ஒதுங்கலாகாது. குழிக்கு மூடி செய்வதும், மருந்துப் பெட்டிக்குப் பூட்டு வாங்குவதும் அவர்கள் கடமையே. தனித்து இயலாதபோது கூடிச் செய்வதே கூட்டுறவு. அண்டை வீட்டில் பேறுகாலம் எனில், ஒரு வண்டிக்கும் இரவில் துணைக்கு ஒருவருக்கும் முன்கூட்டியே ஏற்பாடு செய்வோமாக.