வைட்டமின் மாத்திரை முதுமையைத் தள்ளிப்போடுமா?

உடல் தளராது, முதுமை மெல்ல வரும் என்ற நம்பிக்கையில் வைட்டமின் மாத்திரைகளைத் தாமே வாங்கி உட்கொள்வோர் பலர். அவற்றை மருந்தாகக் கருதாததால் மருத்துவரிடம் தெரிவிப்பதும் இல்லை. இந்நம்பிக்கை எவ்வாறு தோன்றியது, ஆய்வுகள் காட்டியது என்ன என்பதை இங்கு விளக்குகிறோம்.

நம்பிக்கையின் தோற்றம்

1956ஆம் ஆண்டு அமெரிக்க அறிவியலாளர் டென்ஹாம் ஹார்மன் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார். உடல் ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும்போது ‘ஃப்ரீ ரேடிக்கல்’ எனப்படும் நிலையற்ற மூலக்கூறுகள் உண்டாகின்றன; அவை செல்களைச் சிறிது சிறிதாகச் சிதைப்பதால் முதுமை வருகிறது என்றார். வைட்டமின் சி, வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின் ஆகியவை இம்மூலக்கூறுகளைக் கட்டுப்படுத்த வல்லவை. எனவே, இவற்றை மிகுதியாக உட்கொண்டால் நோயும் மூப்பும் விலகும் என்ற எண்ணம் பரவியது.

ஆய்வுகள் காட்டியவை

பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஈயும் நுரையீரல் புற்றுநோயைத் தடுக்குமா என்று பின்லாந்தில் 1985 முதல் 1993 வரை ஆராயப்பட்டது. புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேர் பங்கேற்றனர். நாள்தோறும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் உட்கொண்டவர்களிடம் அந்நோய் குறையவில்லை. மாறாக, 18 விழுக்காடு கூடியது. அமெரிக்காவில் பீட்டா கரோட்டினுடன் வைட்டமின் ஏ சேர்த்துக் கொடுத்த ஆய்வும் இத்தகைய தீங்கின் காரணமாக 1996இல் முன்னதாகவே நிறுத்தப்பட்டது.

ஃப்ரீ ரேடிக்கல்கள் முற்றிலும் பகையல்ல. கிருமிகளைக் கொல்ல வெள்ளையணுக்களும் அவற்றைப் பயன்படுத்துகின்றன. மனிதரின் மூப்பை மெதுவாக்கும் என்று ஐயமற நிறுவப்பட்ட வைட்டமின் மாத்திரை எதுவும் இன்றுவரை இல்லை. கேரட்டும் கீரையும் உண்பதற்கு அஞ்ச வேண்டியதில்லை. மேற்கண்ட தீங்கு மிகையளவு மாத்திரையால் நேர்ந்தது.

தேவைப்படுவோர்

குறைபாடு உள்ளவர்களுக்கு வைட்டமின் இன்றியமையாத மருந்தாகும். கால் மரத்துப்போதல், மறதி, சோர்வு ஆகியவற்றை ‘வயதாகிவிட்டது’ என்று விட்டுவிடுகிறோம். அவை வைட்டமின் பி12 குறைபாட்டாலும் வரலாம்; காலத்தே கண்டறிந்தால் பெரும்பாலும் சீராக்கலாம். மெட்ஃபார்மினை நெடுங்காலம் உட்கொள்வோரும் அசைவ உணவைத் தவிர்ப்போரும் இதுகுறித்து மருத்துவரைக் கேட்பது நலம்.

மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டியவை

• வார்ஃபரின் உட்கொள்வோருக்கு வைட்டமின் கே அம்மருந்தின் ஆற்றலைக் குறைக்கும்; மிகையளவு வைட்டமின் ஈ இரத்தக்கசிவுக்கு வழிவகுக்கலாம்.

• முடி வளர்ச்சிக்கென உண்ணப்படும் பயோட்டின், தைராய்டு, மாரடைப்பு தொடர்பான சில இரத்தப் பரிசோதனைகளில் தவறான முடிவைத் தரக்கூடும்.

• புகைபிடிப்போரும் முன்பு புகைபிடித்தோரும் பீட்டா கரோட்டின் மாத்திரையைத் தவிர்க்க வேண்டும்.

அடுத்த முறை வரும்போது, வீட்டில் உள்ள வைட்டமின் மாத்திரைகள் அனைத்தையும் உடன் கொண்டுவருமாறு கேட்டுக்கொள்கிறோம். மருத்துவர் எழுதித் தந்தவற்றை மட்டும் தாங்களாக நிறுத்திவிட வேண்டாம்.