தீர்ப்பு ஹராமை ஹலாலாக்குமா?

"கோர்ட்டிலே ஜெயித்துவிட்டோம், இனி அந்தச் சொத்து எங்களுக்கு ஹலால்தானே?" என்று கேட்போர் நம் மஹல்லாக்களில் உண்டு. "காஜியாரிடம் தலாக் கடிதம் வாங்கியாயிற்று, இனிக் கோர்ட்டு எதற்கு?" என்போரும் உண்டு. கையிலுள்ள காகிதத்துக்கு எவ்வளவு அதிகாரம் என்பதை அறியாததே இரண்டுக்கும் காரணம்.

முதற் கேள்விக்கு வருவோம். வழக்குடன் வருவோரில் ஒருவர் மற்றவரை விட வாதத் திறமை மிக்கவராக இருக்கலாம் என்றும், அவர் பேச்சைக் கேட்டு அவருடைய சகோதரனின் உரிமை அவருக்கே தீர்ப்பாகிவிட்டால் அது நெருப்புத் துண்டேயாகும் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். உம்மு ஸலமா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீஸ் புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. தங்கையின் வாரிசுப் பங்கை, "முன்பே கொடுத்தாயிற்று" என்று பொய்ப் பத்திரம் காட்டி வென்றவன், டிக்ரியைக் கையில் வைத்திருந்தாலும் அல்லாஹ்விடம் கடனாளியே. சொத்து வழக்கில் இது நான்கு மத்ஹபுகளின் இமாம்களும் ஒருமித்த சட்டம்.

இரண்டாவது கேள்விக்கு நம்மூரிலேயே விடை கிடைத்திருக்கிறது. 2004 ஜூலை 24-ல் தொடங்கப்பட்ட மதுரை உயர்நீதிமன்றக் கிளை, 2024 அக்டோபரில் ஒரு தீர்ப்பு வழங்கியது. தலாக் ஆகிவிட்டதாகக் கூறிய கணவர், தனியார் ஷரீஅத் கவுன்சில் ஒன்றின் சான்றிதழைக் காட்டினார், மனைவி மறுத்தார். மனைவி மறுக்கும்போது தலாக் முறைப்படி ஆயிற்றென்று கணவரே நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். தனியார் கவுன்சில் நீதிமன்றம் ஆகாது என்றது தீர்ப்பு. காஜிகள் தரும் தலாக் சான்றிதழ் வெறும் அபிப்பிராயமே என்று சென்னை உயர்நீதிமன்றமும் 2017 ஜனவரியில் கூறியிருந்தது. 1880-ஆம் ஆண்டு காஜிகள் சட்டமும் காஜிக்கு நீதி வழங்கும் அதிகாரத்தைக் கொடுக்கவில்லை.

இது ஷரீஅத்துக்கு விரோதமா? வாதிடுபவர் மீதே ஆதாரம் கடமை என்பது நம் ஃபிக்ஹின் அடிப்படை விதி. கணவர் தம் வாயால் ஒப்புக்கொள்ளும் தலாக் மார்க்கத்தில் அவரைக் கட்டுப்படுத்தும் என்பது உண்மையே. ஆயினும், "என்றோ சொல்லிவிட்டேன்" என்ற தம் சொல்லை மட்டும் கொண்டு, மனைவிக்குச் சேர வேண்டிய கடந்த கால ஜீவனாம்சத்தை அவர் அழித்துவிட இயலாது. ஆகவே ஜமாஅத்தார் ஒரு தரப்பை மட்டும் கேட்டுக் கடிதம் தருவது முறையன்று.

இனி வக்கீல்களின் கடமை. 'வக்கீல்', 'வக்காலத்து' இரண்டுமே அரபிச் சொற்களிலிருந்து வந்தவை. பிறர் காரியத்தைப் பொறுப்பேற்பது என்பதே பொருள். மோசக்காரர்களுக்காக வாதாடுவதை அந்நிஸா அத்தியாயத்தின் 105-ஆம் ஆயத் தடுக்கிறது. முஸ்லிம் ஒருவர் செய்த களவின் பழி ஒரு யூதர் மீது சுமத்தப்பட்டபோது இது இறங்கியதாகத் தஃப்ஸீர்களில் காண்கிறோம். தன் இனத்தான் என்பதற்காகப் பொய்க்குத் துணை போகலாகாது என்பதே படிப்பினை. குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாடுவது கூடும். அவருக்காகச் சாட்சியைச் சிருஷ்டிப்பது கூடாது. இந்திய பார் கவுன்சில் விதிகளும், கட்சிக்காரரின் நம்பிக்கைக்குத் துரோகம் செய்வதையும், வழக்கைத் தூண்டிவிடுவதையும், வெற்றியில் பங்கு பேசிக் கூலி வாங்குவதையும் தடுக்கின்றன.

ஆனால் கட்சிக்காரர் உண்மையை மறைத்தால் வக்கீல் என்ன செய்வார்? ஆகவே வக்காலத்தில் கையெழுத்திடுமுன் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். வென்ற பின்பும், பிறர் உரிமை கலந்திருப்பதாக அறிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மேல்கோர்ட்டு அப்பீல் இல்லாத நாள் ஒன்று வரவிருக்கிறது. அந்நாளில் தலைகுனியாதிருக்க வல்ல நாயன் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.