வெந்நீர் ஊற்றில் குளிப்பதும் அவ்ரத்தைப் பேணுவதும்

ஓசூர் வட்டாரத்தில் ஒரு ஜும்ஆவுக்குப் பின், சிப்காட் தொழிற்சாலையொன்றில் பணிபுரியும் இளைஞர் ஒருவர் தயக்கத்துடன் நம் அருகில் வந்தமர்ந்தார். கம்பெனி வேலையாக ஜப்பான் சென்று திரும்பியவர். விடுமுறை நாளில் உடன் வேலை செய்வோர் அவரை ஒரு வெந்நீர் ஊற்றுக் குளியலகத்துக்கு அழைத்துச் சென்றார்களாம். “எல்லாரும் துணியில்லாமல் இறங்கினார்கள், ஹஜ்ரத். நான் மட்டும் மறுத்தால் என்ன நினைப்பார்களோ என்று நானும் இறங்கிவிட்டேன். அன்றிலிருந்து மனம் உறுத்துகிறது” என்றார். பெயர் குறிப்பிடாமல் எழுத அவரே இசைந்ததால், பிறருக்கும் பயன்படட்டும் என்று இம்மஸ்அலாவை விளக்குகிறோம்.

ஜப்பானியர் இவ்வூற்றை ‘ஒன்சென்’ என்பர். ஊற்றுவாயில் நீர் 25 டிகிரி சூடேனும் இருக்க வேண்டும், அல்லது குறித்த தாதுப்பொருள்கள் போதிய அளவு கலந்திருக்க வேண்டும் என்பது அந்நாட்டின் 1948ஆம் ஆண்டுச் சட்டம். இரவு தங்காமல், கட்டணம் கட்டிக் குளித்துவிட்டு அன்றே திரும்பும் இடங்களும் ஏராளம். பெரும்பாலும் ஆண், பெண் பகுதிகள் தனித்தனி. ஆடை முழுவதையும் களைந்து கூடையில் வைத்து, சிறு பலகையில் அமர்ந்து சோப்புப் போட்டு உடலைக் கழுவிய பின்பே தொட்டியில் இறங்க வேண்டும். கையிலுள்ள சிறு துண்டையும் நீரில் நனைக்கக் கூடாது.

இதில் நாம் மெச்ச வேண்டியதும் உண்டு. குளிப்புக் கடமையானவர் தேங்கிய நீரில் இறங்கிக் குளிக்க வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்ததை அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். முஸ்லிம் நூலில் இது பதிவாகியுள்ளது. கழுவிவிட்டே இறங்கும் அவர்களது ஒழுங்கு இதற்கு நெருக்கமானது. மேலும், ஊற்றுநீரில் கந்தக வாடையோ நிறமாற்றமோ இருந்தாலும், அது அந்நீரின் இடத்தாலும் வழியாலும் வந்ததாகையால் உளூவுக்கும் குளிப்புக்கும் அந்நீர் தகும்.

பொதுக் குளியலகமும் நம் மார்க்கத்துக்குப் புதிதன்று. டமாஸ்கஸ், கெய்ரோ, இஸ்தான்புல் நகரங்களில் முஸ்லிம்கள் எத்தனையோ ஹம்மாம்களைக் கட்டினார்கள். ஆனால் அல்லாஹ்வையும் இறுதி நாளையும் நம்பியவர் இடுப்புத் துணியின்றி ஹம்மாமில் நுழைய வேண்டாம் என்ற கருத்தில் ஜாபிர் (ரலி) அவர்கள் வழியாக வரும் ஹதீது திர்மிதீ, நஸாஈ நூல்களில் உள்ளது. ஆக, தடை வெந்நீருக்கு அல்ல; அவ்ரத்தைத் திறப்பதற்கே.

ஆணின் அவ்ரத் தொப்புளுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்டது. ஹனபி மத்ஹபில் முழங்காலும் அதில் சேரும். நம் பகுதியில் இரு மத்ஹபினரும் கலந்து வாழ்வதால் இதைச் சொல்லி வைக்கிறோம். பெண்களைப் பொறுத்தவரை, முஸ்லிமல்லாத பெண்கள் முன்னிலையில் இன்னும் கூடுதலான பேணுதலை நம் நூல்கள் வலியுறுத்துகின்றன. எனவே பொதுத் தொட்டி அவர்களுக்கும் ஆகாது.

“நான் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கினால்?” என்று கேட்டார் அவ்விளைஞர். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் ஹம்மாமின் ஒழுக்கங்களைக் கூறும்போது, தன் அவ்ரத்தைப் பிறர் பார்க்காமலும் தொடாமலும் காப்பதோடு, பிறர் அவ்ரத்தைப் பார்க்காமல் தன் கண்ணையும் காக்க வேண்டும் என்கிறார்கள். சுற்றிலும் ஆடையற்றோர் இருக்கையில் நம் துண்டு நம்மை மட்டுமே மறைக்கும். கண்ணுக்கு அது திரையாகாது. துண்டோடு இறங்குவது அவர்களது ஒழுங்கை மீறுவதுமாகும். ஆகவே அங்கே இறங்காதிருப்பதே வழி.

அப்படியானால் சுற்றுலா சென்றவர் வாசலோடு திரும்ப வேண்டியதுதானா? இல்லை. பல ஊர்களில் ஒரு குடும்பத்துக்கென மணிக்கணக்கில் வாடகைக்குத் தரும் தனி அறைத் தொட்டிகள் உள்ளன. தனியாகவோ மனைவியுடனோ அங்கு குளிக்கலாம். நண்பர் உடனிருந்தால் அவ்ரத்தை மறைத்தாக வேண்டும். உடையோடு அமர்ந்து கால்களை மட்டும் நனைக்கும் கால் தொட்டிகளும் உண்டு. ஹகோனே போன்ற இடங்களில் நீச்சலுடையோடு இறங்கும் குளங்களும் இருக்கின்றன. ஆனால் அங்கே ஆணும் பெண்ணும் கலந்திருப்பதால் நாம் உடுத்தியிருப்பது மட்டும் போதாது.

மறுத்தால் என்ன நினைப்பார்களோ என்பது ஷைத்தான் பெரிதாக்கிக் காட்டும் அச்சம். பச்சை குத்தியவர்களை உள்ளே விடாத குளியலகங்கள் அந்நாட்டில் பல உண்டு. ஒருவர் தொட்டியில் இறங்காமலிருப்பது அவர்களுக்குப் புதுமையல்ல. “எங்கள் மார்க்கத்தில் இல்லை” என்று பணிவாகச் சொன்னால் போதும்.

இதைப் படித்துவிட்டு ஜப்பானியரைக் குறை கூறிப் பெருமூச்சு விடுவோர் ஒருமுறை ஒகேனக்கல்லை நினைத்துப் பார்க்கட்டும். கிருஷ்ணகிரியிலிருந்து வேன் பிடித்துச் செல்லும் நம் பிள்ளைகள், ஆண்களும் பெண்களும் நடமாடும் பாறைகளின் மேல் ஜட்டியோடு படுத்து, எண்ணெய் தேய்ப்பவரிடம் தொடையைக் கொடுக்கிறார்களே! இமாம் அவர்கள் சொன்ன பார்வை, தொடுதல் இரண்டும் அங்கே மீறப்படுகின்றன. முழங்காலுக்குக் கீழே இறங்கும் கால்சட்டையோ இறுகக் கட்டிய கைலியோ இருந்தால் அருவியின் இன்பம் குறைந்துவிடுமா? தொடையை நாமே தேய்த்துக்கொள்ள முடியாதா? ஊரில் பழகாத வெட்கம் வெளிநாட்டில் திடீரென்று வந்துவிடாது.

திறந்த வெளியில் துணியின்றிக் குளித்த ஒருவரைக் கண்ட நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறி, அல்லாஹ் வெட்கமுடையவன், மறைப்பவன், வெட்கத்தையும் மறைப்பையும் விரும்புபவன் என்று போதித்ததாக அபூதாவூதில் வருகிறது. அம்மனிதரின் பெயரை அவர்கள் சபையில் சொல்லவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது.

அவ்விளைஞருக்கு நாம் சொன்னது இதுதான்: “தம்பி! இதற்கென்று தனிப் பரிகாரம் ஏதுமில்லை. வருந்தி, விலகி, இனி செய்வதில்லை என உறுதி கொள்ளுங்கள், அதுவே தவ்பா. அல்லாஹ் மறைத்ததை நீங்கள் ஊரெங்கும் சொல்லித் திரிய வேண்டாம். உறுத்துகிறது என்றீர்களே, அந்த உறுத்தல்தான் ஈமான் உயிரோடிருக்கும் அடையாளம்.” அவர் கண்கலங்கி ஸலாம் கூறி விடைபெற்றார்.

அறிந்தவர் எவருமற்ற ஊரிலும் அல்லாஹ் நம்மை அறிகிறான் என்ற உணர்வோடு வாழ, வல்ல நாயன் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன்.