நடை என்னும் ஒரு சொல்

 

பேஸ்பால் ஆடி வீடு திரும்பும் மகன், "இன்று எனக்கு இரண்டு வாக், அப்பா!" என்று மகிழ்வுடன் கூறுகிறான். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த தந்தையோ, "இரண்டு முறையும் ஆட்டமிழந்தாயா?" என வருந்துகிறார். மகன் முகம் வாடுகிறது. நம் இல்லங்களில் நிகழக்கூடிய காட்சியே இது. இருவரும் அறிந்த சொல்லே இருவரையும் பிரித்துவிடுகிறது. அச்சொல்லை இங்கு ஆராய்வோம்.

பேஸ்பாலில்

எறியப்படும் பந்து உரிய எல்லைக்குள் வராமலும், மட்டையாளர் அதனை அடிக்க முயலாமலும் இருப்பின், அது 'பால்' எனக் கணக்கிடப்படும். நான்கு 'பால்' சேர்ந்தால் மட்டையாளர் முதல் தளத்தை அடையும் உரிமை பெறுவார். பெரியோர் ஆட்டத்தில் 90 அடியாகிய அத்தொலைவை அவர் ஓடாமல் நடந்தே கடக்கலாம். இதுவே 'வாக்'. நான்கு என்னும் கணக்கு 1889இல் நிலைபெற்றது. தகாத பந்தைத் தொடாமல் விடும் பொறுமைக்குக் கிடைக்கும் பரிசு இது எனலாம். பாரி பாண்ட்ஸ் தம் ஆட்டவாழ்வில் 2,558 முறை இவ்வாறு நடந்தார். 2004இல் மட்டும் 232 முறை. அவற்றுள் 120 முறை எதிரணியினரே வேண்டுமென்று நடக்கவிட்டனர்.

'வாக் ஆஃப்' என்பது வேறு. இறுதிக் கட்டத்தில் சொந்த மைதான அணி முந்தியவுடன் ஆட்டம் முடிந்துவிடும். அனைவரும் களம்விட்டு நடப்பர். அவ்வெற்றி அடிக்கே இப்பெயர்.

கிரிக்கெட்டில்

இங்கோ, நடுவரின் தீர்ப்புக்குக் காத்திராமல் தாமே வெளியேறுவது 'வாக்'. 2003 உலகக் கோப்பை அரையிறுதியில் இலங்கைக்கு எதிராக ஆடிய ஆடம் கில்கிறிஸ்ட், நடுவர் ஆட்டமிழப்பு வழங்காதபோதும் வெளியேறினார். ஓர் ஆட்டத்தில் பொறுமை, மற்றொன்றில் நேர்மை.

அன்றாட வழக்கில்

அவையை விட்டு எதிர்ப்புடன் வெளியேறுவது 'வாக் அவுட்', தமிழில் வெளிநடப்பு. மிக எளிய செயல் 'கேக் வாக்'. வேலைநீக்க ஆணை 'வாக்கிங் பேப்பர்ஸ்'. 'வாக் ஆஃப் லைஃப்' என்பது ஒருவர் வாழும் நிலையையும் தொழிலையும் குறிக்கும்.

தமிழில்

நம் 'நட' என்னும் வினையும் இவ்வாறே விரிந்தது. நடத்தை, நடப்பு, நடவடிக்கை, உரைநடை ஆகிய யாவும் அதன் வழிவந்தவை. 'விழா நடந்தது' என்கிறோம்; விழாவுக்குக் கால்கள் உண்டோ? சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ஆங்கிலேயர் நகைப்பர்.

ஆகவே பெற்றோரே, பிள்ளைகள் சொல்லும் சொல்லின் பொருளை முதலில் கேட்டறிவோம். மாணவர்களே, பொறுமையுடன் விளக்குங்கள். அடுத்த முறை 'வாக்' என்றதும் தந்தை கைதட்டுவார்.

பயிற்சி: 'நட' என்பதிலிருந்து பிறந்த ஐந்து சொற்களை எழுதி, ஒவ்வொன்றையும் சொற்றொடரில் அமைத்து, வீட்டில் உரக்கப் படித்துக் காட்டுக.