பாசிக்குடாவின் சமாதானம் தொட்டிக்குள் வராது

கண்ணாடி அடி வைத்த படகில் ஏறி பாசிக்குடா முருகைக்கல்லுக்கு மேலே போய் வந்தவர்கள் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் சொல்வார்கள்: “எத்தனை சாதி மீன், சண்டை பிடிக்காமல் ஒன்றாய்த் திரியுது!” அதே நினைப்போடு முன் அறையில் மூன்றடித் தொட்டி வைத்து, உப்புத் தண்ணீர் நிரப்பி, ஐந்தாறு சாதி மீனை ஒன்றாக விட்டு, ஒரு கிழமைக்குள் ஒவ்வொன்றாக அள்ளி எறிந்த வீடுகள் மட்டக்களப்பில் எனக்குத் தெரியும். “கடல் மீன் வீட்டில் பிழைக்காது” என்று பிறகு முடிவு கட்டிவிடுகிறார்கள். பிழைக்கும். சேர்க்கக் கூடாததைச் சேர்த்ததுதான் அங்கே நடந்த பிழை.

கடலில் சண்டை இல்லை என்பது நம் கண்ணின் மயக்கம். முருகைக்கல்லில் ஒவ்வொரு பொந்துக்கும் சொந்தக்காரன் உண்டு. விரல் நீளமுள்ள டம்செல் மீன் தன் கல்லைச் சுற்றிய சின்ன இடத்துக்குள் எது வந்தாலும், தன்னைவிடப் பத்து மடங்கு பெரிய மீன் வந்தாலும், பாய்ந்து விரட்டும். விரட்டப்பட்டது இரண்டு வீச்சு நீந்தினால் போதும், தப்பிவிடும். படகில் இருக்கும் நமக்கு அது விளையாட்டாகத் தெரிகிறது. மூன்றடித் தொட்டியிலோ தொட்டி முழுவதுமே டம்செல்லின் காணி. தோற்ற மீனுக்கு ஓட இடமில்லை. மூலையில் ஒதுங்கும், சாப்பிடாது, செட்டை கிழியும், செத்துப்போகும்.

இதனால்தான் “நீல டம்செல் மலிவு, கெட்டி உயிர், முதலில் அதை விட்டுப் பழகலாம்” என்ற பேச்சை நான் முழுப் பிழை என்கிறேன். கெட்டி உயிர் என்பது மட்டும் உண்மை. முதலில் போன மீன் தொட்டியைத் தனதாக்கிக்கொள்கிறது. பிறகு வருவதெல்லாம் அதன் கண்ணுக்கு அத்துமீறி வந்தவை. சாதுவானதை முதலிலும் முரடனைக் கடைசியிலும் விடவேண்டும். முரடனை விடாமலே இருந்தால் இன்னும் நல்லது. ஒரே உருவம், ஒரே நிறம், ஒரே தீன் உள்ள இரண்டு மீன்கள்தான் அதிகம் மோதும் என்பதையும் வாங்கும்போது நினைவில் வையுங்கள்.

அடுத்தது பிள்ளைகள் கேட்கும் நீமோ, அதாவது கோமாளி மீன். “நாலைந்து வாங்கினால் குடும்பமாய் இருக்கும்” என்பார்கள். கோமாளி மீன்கள் எல்லாம் ஆணாகவே முதிர்கின்றன. கூட்டத்தில் மிகப் பெரியது பெண்ணாக மாறும், அடுத்தது அதன் துணை. மற்றவை அடங்கி ஒடுங்கிக் கிடக்கும். சிறு தொட்டியில் அந்த ஒடுக்கம் சாவில்தான் முடியும். ஆகவே ஒரு சோடி, அதற்குமேல் வேண்டாம். நீமோ படத்தில் வரும் செம்மஞ்சள் மீனும் நம் கடலுக்கு உரியதல்ல. இங்கே உள்ளவை கிளார்க்கி போன்ற வேறு சாதிகள், அவை இன்னும் முரடு. வளர்ப்புப் பண்ணையில் பொரித்த நீமோக் குஞ்சுகள் கிடைக்கின்றன, அவற்றையே கேட்டு வாங்குங்கள். கடலில் அது அண்டி வாழும் கடலனிமனி இல்லாவிட்டால் நீமோ சாகும் என்பதும் பொய். தொட்டிக்குள் அது இல்லாமலே ஆண்டுக்கணக்கில் வாழும். கடலனிமனிக்குத்தான் கடும் வெளிச்சமும் முதிர்ந்த தொட்டியும் வேண்டும். புதிதாகத் தொடங்குபவர் வாங்கினால் பெரும்பாலும் அழுகிப்போகும், தண்ணீரையும் கெடுத்துவிடும்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். கல்லடிப் பாலத்தடியில் பூரணை இரவில் பாடுவது மீனா ஊரியா என்று தலைமுறை தலைமுறையாக வாதாடும் ஊர் நம்முடையது. அங்கே பாடுவது எதுவோ, கோமாளி மீன் உண்மையிலேயே ஒலி எழுப்பும். தாடையைப் பட்டென்று மூடிப் பல்லோடு பல் மோதவைத்து அது ஒலிக்கிறது என்று 2007இல் பெல்ஜிய நாட்டு ஆய்வாளர்கள் குழு கண்டறிந்து காட்டியது. அந்த ஒலி பெரும்பாலும் பாட்டல்ல, “தள்ளிப் போ” என்ற மிரட்டல்.

“வாவி பக்கத்திலேயே இருக்க, தண்ணீருக்கு என்ன குறை?” என்றும் சிலர் கேட்பார்கள். வாவித் தண்ணீர் இதற்கு உதவாது. மாரியில் வெள்ளம் இறங்கினால் அது கிட்டத்தட்ட நன்னீர். ஆற்றுவாய் வெட்டினால் கடல் ஏறும். கோடையில் உப்புக் கூடும். இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் செல்வன் மீன் வாவியில் வாழ்கிறது, முருகைக்கல் மீன் தாங்காது. அதற்கு லீற்றருக்கு 35 கிராம் அளவில் மாறாத உப்பும், 25 முதல் 27 பாகை வரையான சூடும் வேண்டும். நம் ஊர் வெக்கையில் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரோ, குறைந்தது தண்ணீர்மேல் வீசும் ஃபேனோ இல்லாமல் இது நடக்காது. ஃபேன் போட்டால் நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. குறைந்த அளவுக்கு நன்னீரைத்தான் ஊற்றவேண்டும். பலர் மறுபடி உப்புத் தண்ணீரையே ஊற்றி, ஒத்துப்போகாத மீன் என்று மீனைக் குற்றம் சொல்கிறார்கள். தண்ணீர் நிரப்பிய மறுநாளே மீன் விடுவதும் அப்படித்தான். கழிவிலிருந்து வரும் அமோனியாவை மாற்றும் பக்டீரியா வளர நான்கு முதல் ஆறு கிழமை பிடிக்கும்.

மீனுக்கு மீன் ஒத்துப்போனாலும் முருகைக்கல்லுக்கும் ஒத்துப்போகவேண்டும். வண்ணத்துப்பூச்சி மீன்களில் பல சாதிகளுக்கு முருகை உயிரிதான் சாப்பாடு. முருகை உள்ள தொட்டியில் விட்டால் அதைத் தின்னும், இல்லாத தொட்டியில் விட்டால் பட்டினியால் வாடும். இரண்டு வழியிலும் சாவுதான். கிளாத்தியும் பேத்தையும் நண்டையும் சங்கையும் உடைத்துத் தின்னும். களவாய்க்கும் அஞ்சாலைக்கும் வாய்க்குள் அடங்குவதெல்லாம் இரை.

“தொட்டி அளவுக்குத்தான் மீன் வளரும்” என்ற நம்பிக்கை மிகக் கொடியது. நீலத்தில் வெள்ளை வளையம் போட்ட எம்பரர் ஏஞ்சல் குஞ்சு உள்ளங்கையில் அடங்கும்; வளர்ந்தால் 40 சென்ரிமீற்றர் வரை போகும். சின்னத் தொட்டி அதைச் சின்னதாக வைத்திருக்காது, முடமாக்கித்தான் கொல்லும்.

நோய் பார்க்க க்ளீனர் மீன் வாங்குபவர்களுக்கும் ஒரு சொல். அது மற்ற மீன்களின் உடம்பில் ஒட்டும் சிறு பூச்சிகளைத் தின்று வாழ்வது. வெண்புள்ளி நோயின் கிருமி தோலுக்கு உள்ளே புதைந்திருப்பதால் அதற்கு எட்டாது. நாலைந்து மீன் உள்ள தொட்டியில் அதுவே பட்டினி கிடக்கும். புதிய மீனை ஒரு மாதம் தனித் தொட்டியில் வைத்துப் பாருங்கள். செம்பு கலந்த மருந்தை முருகை உள்ள தொட்டியில் ஒருபோதும் ஊற்றாதீர்கள். முருகையும் இறாலும் செத்துவிடும்.

அப்படியானால் எதை வளர்க்கலாம்? 150 லீற்றர் தொட்டிக்கு என் தெரிவு இது: ஒரு சோடி நீமோ, ஒரு ஃபயர்ஃபிஷ் (துள்ளிப் பாயும், வலை மூடி கட்டாயம்), ஒரு மணல் கோபி, அதன் கூட்டாளியாக ஒரு பிஸ்டல் இறால். கண் மங்கிய இறால் வளை தோண்டும், கோபி வாசலில் காவல் நிற்கும்; இறாலின் மீசை ஒன்று எப்போதும் கோபியைத் தொட்டுக்கொண்டே இருக்கும். பத்து நிற மீன் நிறைந்த தொட்டியைவிட இந்த இரண்டையும் பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு மேல்.

முருகைக்கல்லைக் கடலில் உடைத்து எடுத்துவராதீர்கள். அது சட்டவிரோதம், கடையில் செயற்கைக் கல் கிடைக்கிறது. வண்ணத்துப்பூச்சி மீனைப் பார்க்க ஆசை வந்தால், வாடை ஓய்ந்து தண்ணீர் தெளிந்திருக்கும் சித்திரைக்கும் ஆவணிக்கும் இடையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பாசிக்குடாவுக்குப் போங்கள்.