புகைச் சான்று: உங்கள் போனிலேயே பார்க்கலாம்

"புது வண்டிதானே, புகை டெஸ்ட் எதுக்கு?" என்று நினைக்கிறீர்களா? முதல் பதிவிலிருந்து ஓராண்டு வரைதான் அந்தச் சலுகை. அதன்பின் பி.யு.சி. எனும் மாசுக் கட்டுப்பாட்டுச் சான்று கட்டாயம்.

2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் பி.எஸ்.6 விதிமுறை நடைமுறையில் உள்ளது. எரிபொருளில் கந்தகத்தின் உச்ச அளவும் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 ஆகக் குறைந்தது. ஆனாலும் ஏர் ஃபில்டர் அடைத்துக்கொண்டால் நல்ல வண்டியும் மோசமாகப் புகை விடும். சிக்னலில் பின்னால் நிற்பவர்தான் அதைச் சுவாசிப்பார். இந்தக் கோளாறைக் காட்டிக்கொடுப்பதே சோதனையின் வேலை.

நீங்கள் செய்ய வேண்டியவை:

1. ஆர்.சி.யைப் பாருங்கள். பி.எஸ்.4, பி.எஸ்.6 வண்டி என்றால் சான்று ஓராண்டு செல்லும்; அதைவிடப் பழசு என்றால் ஆறு மாதம்தான்.

2. பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணையும், சேசிஸ் எண்ணின் கடைசி ஐந்து எழுத்துகளையும் போடுங்கள். சான்றும் அது முடியும் தேதியும் திரையில் வரும்.

3. முடியும் தேதிக்கு ஒரு வாரம் முன்பே போனில் அலாரம் வையுங்கள். சர்வீஸ் முடித்த கையோடு டெஸ்டுக்குப் போவது நல்லது.

4. டிஜிலாக்கர் அல்லது எம்பரிவாகன் செயலியில் காட்டினாலே போதும்; காகிதம் தேவையில்லை.

சான்று இல்லாவிட்டால் 10,000 ரூபாய் வரை அபராதம் வரலாம். இன்றே ஒருமுறை பார்த்துவிடுங்களேன்!