கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன்

ஆக்ஸிலேட்டரை மிதித்தால் எஞ்சின் சத்தம் ஏறுகிறது, ஆர்.பி.எம். முள் 3,000-ஐத் தாண்டுகிறது, வண்டி மட்டும் அதே ஐம்பதில் ஓடுகிறது. இதைத்தான் பட்டறையில் ‘ஸ்லிப் அடிக்குது’ என்பார்கள். பத்து வயதான ஆட்டோமேட்டிக் எஸ்யூவி இந்த நிலைக்கு வந்துவிட்டால், திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ இருப்பவர் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன: ஆயிலை மாற்றுவது, வால்வ் பாடியை மட்டும் கழற்றிச் சரிசெய்வது, கியர்பாக்ஸை இறக்கி முழு ஓவர்ஹால் செய்வது, பழைய பாக்ஸ் ஒன்றை வாங்கி மாட்டுவது. சில ஆயிரங்களில் முடியும் கோளாறும் லட்சத்தைத் தொடும் கோளாறும் வெளியே ஒரே மாதிரிதான் தெரியும். அதனால் எந்த வழி என்பதைப் பரிசோதனைதான் சொல்ல வேண்டும், முதலில் பார்த்தவரின் ஊகம் அல்ல.

முதல் கேள்வி, இது ஸ்லிப்தானா? டீசல் ஃபில்டர் அடைத்திருந்தாலும் டர்போ குழாய் கிழிந்திருந்தாலும் பிக்கப் போய்விடும். ஆனால் அப்போது ஆர்.பி.எம்.மும் ஏறாது. முள் ஏறி வேகம் ஏறாவிட்டால் மட்டுமே சந்தேகம் கியர்பாக்ஸின் மேல் விழ வேண்டும்.

அடுத்தது, உள்ளே இருப்பது எந்த வகை என்று தெரிந்துகொள்வது. ‘ஆட்டோமேட்டிக்’ என்ற ஒரே பெயரில் நான்கு வகைகள் ஓடுகின்றன. டியூவி300, நெக்ஸான், டீசல் டஸ்டர் ஆகியவற்றில் வந்த ஏ.எம்.டி. உண்மையில் மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சை மிதிக்கும் வேலையையும் கியர் மாற்றும் வேலையையும் கருவிகள் செய்கின்றன. அதில் ஸ்லிப் அடித்தால் பெரும்பாலும் கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்கும். நம் ஊர் மெக்கானிக்கே மாற்றிவிடுவார். மாற்றியபின் ஸ்கேனரில் கிளட்சை மறுபடி அளவு பிடிக்கச் செய்தாரா என்று மட்டும் கேளுங்கள். பழைய அவுட்லேண்டர், பெட்ரோல் டஸ்டர் போன்றவற்றில் இருந்த சி.வி.டி.யில் பெல்ட்டும் கப்பியும். அதற்கென்றே தனி ஆயில் உண்டு, சாதாரண ஆட்டோமேட்டிக் ஆயிலான ஏ.டி.எஃப்.-ஐ ஊற்றினால் பெல்ட் வழுக்கிப் பாக்ஸே போகும்.

மூன்றாவது வகை இரட்டை கிளட்ச். நம் ஊர் வழியாகப் போகும் இதே ஜி.எஸ்.டி. சாலையில், மறைமலை நகர் ஆலையில் தயாராகி 2013-ல் வந்த ஈகோஸ்போர்ட்டின் பவர்ஷிஃப்ட் பெட்ரோல் மாடல் இந்த வகை. மெதுவாக ஊரும்போது உதறுவது இந்தக் கியர்பாக்ஸின் பெயர்போன குறை. இது பொருத்திய வண்டிகளைப் பற்றிய புகார்களைக் கையாண்ட விதத்துக்காக 2018-ல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் அங்குள்ள ஃபோர்டு நிறுவனத்துக்கு ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. எனவே பழைய பவர்ஷிஃப்ட் உதறினால் ஆயிலைத் தேடி அலைய வேண்டாம், கிளட்ச் தொகுதியையும் அதை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் பாருங்கள்.

மற்றவை, அதாவது ஸ்கார்ப்பியோ, எக்ஸ்யூவி500, ஃபார்ச்சூனர், எண்டெவர், டீசல் கிரெட்டா எல்லாம் டார்க் கன்வர்ட்டர் வகை. இனி சொல்வதெல்லாம் இவற்றுக்கு.

இவற்றில் கியரைப் பிடித்து வைப்பதே ஆயிலின் அழுத்தம்தான். ஆயில் குறைந்தால் பம்ப் காற்றையும் சேர்த்து இழுக்கும். ஆயில் நுரைத்து, அழுத்தம் விழுந்து, கிளட்ச் தட்டுகள் வழுக்கும். டிப்ஸ்டிக் உள்ள வண்டி என்றால் சமதரையில், பாக்ஸ் சூடான பிறகு, ஒவ்வொரு கியராகப் போட்டுத் திரும்ப ‘பி’-க்கு வந்து, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும். சில வண்டிகளுக்கு முறை வேறு, கையேட்டைப் பாருங்கள். பிந்தைய மாடல்கள் பலவற்றில் டிப்ஸ்டிக்கே கிடையாது. வண்டியைத் தூக்கி, ஆயில் குறிப்பிட்ட வெப்பநிலையில் இருக்கும்போது அடைப்பானைத் திறந்து அளவு பார்ப்பார்கள். அளவு குறைந்திருந்தால் கசிவு எங்கே என்று கண்டுபிடிக்காமல் ஊற்றிக்கொண்டு போவதில் பயனில்லை. ஆக்சில் ஆயில் சீல், அடித்தட்டு கேஸ்கெட், கூலர் குழாய் மூன்றையும் பாருங்கள்.

நிறமும் மணமும் இன்னும் அதிகம் சொல்லும். பழுப்பு நிறம் வெறும் வயது. கருத்து, கருகிய வாடை வந்தால் கிளட்ச் தட்டின் பூச்சு எரிந்து கரைந்திருக்கிறது. பால் கலந்ததுபோல் இளஞ்சிவப்பாக இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது: ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் ஓட்டையாகியிருக்கலாம், அல்லது வெள்ளநீர் புகுந்திருக்கலாம். விழுப்புரம் மாவட்டத்தில் இரண்டாவதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. சூடான கியர்பாக்ஸ் தண்ணீரில் இறங்கினால் திடீரென்று குளிர்ந்து, மேலுள்ள காற்றுத்துளை வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிடும். தட்டுகளில் பூச்சு ஒட்டியிருக்கும் பசை ஊறி விட்டுக்கொடுக்க மாதக்கணக்காகலாம். பழைய வண்டி வாங்குபவர்கள் அந்தப் புயலின்போது வண்டி எங்கே நின்றது என்று கட்டாயம் விசாரிக்க வேண்டும்.

பிறகு ஓட்டிப் பார்ப்பது. இதற்கு நம் பகுதிச் சாலையே போதும். காலையில் வண்டி ஆறியிருக்கும்போது திண்டிவனத்தில் கிளம்புங்கள், பக்கத்தில் ஒருவர் எழுதிக்கொண்டு வரட்டும். ‘டி’ போட்டதும் பிடிக்காமல் இரண்டு மூன்று விநாடி தாமதித்து, சூடானபின் சரியானால் ரப்பர் சீல்கள் இறுகியிருக்கின்றன என்று சந்தேகிக்கலாம். நெடுஞ்சாலையில் எண்பதில் ஒரே சீராக ஓட்டும்போது சாலையின் ரம்பிள் பட்டைகளில் ஏறுவதுபோல் நடுக்கம் வருகிறதா? பின்னால் வண்டி இல்லாத நேரம் பார்த்து, பிரேக் விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் பெடலைத் தொடுங்கள். நடுக்கம் உடனே நின்றால் சந்தேகம் டார்க் கன்வர்ட்டரின் லாக்-அப் கிளட்ச்சில். கூட்டேரிப்பட்டில் திரும்பி மயிலம் முருகன் கோயில் மலைப்பாதையில் ஏறுங்கள்; சுமை ஏறும்போது எந்தக் கியரில் வழுக்குகிறது என்பது அங்கே தெரியும். திரும்பி வந்து விக்கிரவாண்டி சுங்கச்சாவடி வரிசையில் ஊர்ந்தால் ஒன்றிலிருந்து இரண்டாம் கியருக்குப் போவதையும் பார்த்துவிடலாம். ஆயில் ஏற்கெனவே கருகியிருந்தால் இந்தச் சோதனையே வேண்டாம், வண்டியை நிறுத்திவிடுங்கள்.

ஸ்கேனரில் பி0730 முதல் பி0736 வரையிலான குறியீடு வந்தால் கணினி எதிர்பார்த்த கியர் விகிதம் கிடைக்கவில்லை என்று பொருள், பெரும்பாலும் வழுக்கல்தான். பி0741 லாக்-அப்பைக் காட்டும். பி0750-ஐ ஒட்டியவை ஷிஃப்ட் சொலினாய்டுகள். குறியீட்டை அழிப்பதற்கு முன் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது தேர்வு. ஆயில் குறைவு, பழுப்பு நிறம், லேசான லாக்-அப் நடுக்கம், இவ்வளவுதான் என்றால் ஆயிலும் ஃபில்டரும் மாற்றிப் பாருங்கள். ஒருமுறை வடித்தால் பாதிதான் வரும், மீதி கன்வர்ட்டரிலும் கூலரிலும் தங்கிவிடும். அதனால் சில நூறு கி.மீ. இடைவெளியில் இரண்டு மூன்று முறை வடித்து ஊற்றுவது நல்லது. ஆயில் சுத்தமாக இருந்து, ஒரே ஒரு கியர் மாற்றத்தில் மட்டும் எஞ்சின் எகிறி, சொலினாய்டு குறியீடும் வந்தால் வால்வ் பாடி வேலை. பல வண்டிகளில் பாக்ஸை இறக்காமலே செய்துவிடலாம். ஆனால் கருகிய வாடையோடு எல்லாக் கியரிலும் வழுக்கினால் புதிய ஆயில் எதையும் காப்பாற்றாது. ‘ஆயில் மாத்தினதும் பாக்ஸ் போயிடுச்சு’ என்ற பேச்சில் பல இப்படி ஏற்கெனவே போன பாக்ஸ்கள்தான்.

அங்கே மிஞ்சுவது ஓவர்ஹாலா, பழைய பாக்ஸா என்பதே. நான் ஓவர்ஹால் பக்கம். பிரித்துப் பார்த்த பாக்ஸில் என்ன போனது, என்ன மாற்றினார்கள் என்று தெரியும். சென்னைப் புதுப்பேட்டையில் வாங்கும் பாக்ஸ் எந்த வண்டியிலிருந்து வந்தது, வெள்ளத்தில் கிடந்ததா என்பது தெரியாது. விலை வித்தியாசம் பெரிது, உதிரிபாகமும் கிடைக்கவில்லை என்றால் பழையதை வாங்கலாம். பாக்ஸ் எண் பொருந்த வேண்டும், அடித்தட்டைக் கழற்றிக் காந்தத்தைக் காட்டச் சொல்ல வேண்டும். சாம்பல் நிறப் பசை இயல்பு, உலோகத் துணுக்கு இருந்தால் வேண்டாம். எதைத் தேர்ந்தாலும் கூலரையும் குழாய்களையும் கழுவச் சொல்லுங்கள், இல்லையென்றால் பழைய கரி புதிய தட்டுகளுக்குள் போய்ச் சேரும்.

ஆயிலும் ஏ.எம்.டி. கிளட்ச்சும் உள்ளூரிலேயே முடியும். வால்வ் பாடிக்கும் ஓவர்ஹாலுக்கும் ஆட்டோமேட்டிக் மட்டுமே பார்க்கும் பட்டறை தேவை. புதுச்சேரியில் விசாரியுங்கள், இரண்டு ஊரிலிருந்தும் 40 கி.மீ.க்குள்தான், இல்லையென்றால் சென்னை. அவ்வளவு தூரத்துக்குக் கயிறு கட்டி இழுத்துப் போகாதீர்கள்: எஞ்சின் நின்றிருக்கும்போது பம்ப் சுற்றாது, சக்கரம் சுற்றச் சுற்ற உள்ளே எல்லாம் ஆயிலின்றி உரசும். நான்கு சக்கரமும் தரையைத் தொடாதபடி தட்டையான ரெக்கவரி வண்டியில் ஏற்றி அனுப்புங்கள்.